தண்ணீரில் வெயில்: மன்னாரில் இரண்டு நாட்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகும் அதிகாலை பஸ்ஸில் ஏறினால், சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் பொழுது மெல்ல வெளிக்கும். 2011 இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை எமக்கு மன்னார் என்பது வவுனியாவைச் சுற்றிப் போகவேண்டிய தூரத்து ஊர். இப்போது பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோக, மூன்று மணித்தியாலம் அளவில் தள்ளாடி வந்துவிடுகிறது. அங்கிருந்துதான் மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி தொடங்குகிறது. தெருவின் இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். தை, மாசி மாதங்களில் அந்தத் தண்ணீர் முழுக்கப் பறவைகள்.

நான் அங்கு போனது பறவைகளைப் படம் எடுப்பதற்கு. இதைச் சொன்னால் எங்கள் கந்தோரில் இன்றும் சிரிப்பார்கள். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருத்தி கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு சேற்றுக்குள் நிற்பது அவர்களுக்கு வேடிக்கைதான். கமரா கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் அனுப்பியது. அவன் புதியது வாங்கியதும் பழையதை, 300 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றுடன் சேர்த்து எனக்குத் தந்துவிட்டான். பறவைப் படத்துக்கு இந்த லென்ஸ் பெரிதல்ல. ஆனால் பறவை கிட்ட வரும்வரை காத்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.

முதன்முதல் போனது இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதம். அந்தப் பயணம் முழுத் தோல்வி. பஸ்ஸால் இறங்கும்போது மணி எட்டரை ஆகிவிட்டது. ஓட்டோ பிடித்துத் தாம்போதியில் வந்து நின்று, கண்ணுக்குத் தெரிந்த பூநாரைகளையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். மத்தியானம் வரை முந்நூறு படங்களுக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தபோது அழுகை வராத குறை. சூரியன் இருந்த பக்கம் எடுத்த படங்களில் பூநாரைகள் வெறும் கரிக்கோடுகள். மற்றப் பக்கம் எடுத்தவற்றில் உடம்பில் ஒரு இறகைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியாத வெள்ளைத் திட்டுகள். என் கண்ணால் கண்ட ரோசா நிறம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தக் கரிக்கோட்டுப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வேறொரு படம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

1983 சித்திரை மாதம் நாங்கள் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போயிருந்தோம். மாமா தன்னுடைய பிலிம் கமராவை என் கையில் தந்து, "இதை அமத்து, சரி" என்றார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அம்மா, "கடல் பின்னால வரவேணும்" என்று சொல்லித் தண்ணீரோரமாகப் போய் நின்றா. பின்னேர வெயில் அவவுக்குப் பின்னால் தண்ணீரில் பளபளத்தது. நான் அமத்தினேன். 1995 இடப்பெயர்வில் எங்கள் அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. என்னுடைய சான்றிதழ்க் கோவைக்குள் இருந்ததால் இந்த ஒரு படமும் அதன் நெகற்றிவும் மாத்திரம் தப்பின. மறு வருடம் அம்மா காலமானபோது, மரணத்தைப் பதியும்போது அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டோம். அதன் பிறகு அம்மாவின் படம் என்று எங்களிடம் இருப்பது இதுதான். இதில் கடல் இருக்கிறது, வானம் இருக்கிறது, சேலைக் கரை காற்றில் பறப்பதும் தெரிகிறது. அம்மாவின் முகம் மட்டும் இல்லை. அந்த இடம் கறுப்பு.

மன்னாரில் எடுத்த படங்களையும் அந்தப் பழைய நெகற்றிவையும் கொண்டுபோய், முன்பு எங்கள் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த பெரியவரிடம் காட்டினேன். நெகற்றிவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "பிள்ளை, பிலிமில வெளிச்சம் படாத இடத்தில ஒண்டும் எழுதப்படாது. எழுதாததை நான் எப்பிடி வாசிக்கிறது?" என்றார். பிறகு பூநாரைப் படங்களைப் பார்த்து, "இதுவும் அதே பிழைதான். ஆனா இதைத் திரும்பப் போய் எடுக்கலாம்" என்றார்.

அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். படச்சட்டத்தின் பெரும்பகுதி பளபளக்கும் தண்ணீராக இருந்தால், "அம்மாடி, எவ்வளவு வெளிச்சம்!" என்று நினைத்து எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அதற்குள் நிற்கும் பறவையும் இருண்டுபோகும். மாறாக, கண்டல் நிழல் விழுந்த கரும்பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், வெளிச்சம் போதாது என்று நினைத்துக் கூட்டிவிடும். கொக்கு வெந்து வெளிறிவிடும்.

கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் எங்கள் முகங்களின் கறுப்பும் ஒரே படத்தில் வரும்போது நடப்பதும் இதுதானாம். "வேட்டிக்கு அளக்காதை, முகத்துக்கு அள" என்பது அவர் தொழில் பழகிய காலத்தில் அவருக்குச் சொல்லப்பட்டதாம். முகம் கறுப்பாய் விழுந்தால் நிறத்தைக் குறை சொல்கிறோம், பிறகு கம்பியூட்டரில் வெள்ளை பூசச் சொல்கிறோம். பிழை அளந்தவருடையது என்று ஒருவரும் நினைப்பதில்லை. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

இந்த முறை சென்ற தை மாதக் கடைசியில் போனேன். மச்சாள் வங்காலையில் வாடகைக்கு வீடெடுத்து இருந்து படிப்பிக்கிறாள். முதல் நாளே போய் அவளுடன் தங்கிக்கொண்டேன். வங்காலை தள்ளாடிக்குத் தெற்கே பெருநிலப்பரப்பின் கரையில் உள்ள மீன்பிடிக் கிராமம். இந்தப் பகுதியின் களப்பும் சதுப்பும் உப்பு வெளிகளும் சேர்ந்து 4,800 ஹெக்டயருக்கு மேல் 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான றம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளுக்கு இந்தியாவைத் தாண்டியதும் கால் வைக்கும் இடம் மன்னார்தான். இதற்கப்பால் தெற்கே பெருங்கடல். அதனால்தான் ஊசிவால் வாத்துகளும் மூக்கான்களும் உள்ளான்களும் இவ்வளவு கூட்டமாக இங்கே சேர்கின்றன.

காலை ஆறு மணிக்கே மச்சாளும் நானும் கரைக்குப் போய்விட்டோம். ஆறரை அளவில் எங்களுக்குப் பின்னால், பனைகளுக்கு மேலாகச் சூரியன் வந்தது. இங்கே கடல் மேற்கே இருப்பதால் காலை வெயில் முதுகில் விழும். முதல் முறை இதைக்கூட நான் யோசிக்கவில்லை. ஒரு படம் எடுக்கப் போகும் இடத்தில் கிழக்கு எது மேற்கு எது என்று பார்ப்பது லென்ஸ் வாங்குவதை விட முக்கியம். அதற்குக் காசும் தேவையில்லை.

பூநாரைகள் தூரத்தில் நின்றன. எமக்குக் கிட்ட, முழங்கால் தண்ணீரில், ஒருவர் வீச்சுவலையுடன் நின்றார். நான் வெயிலுக்கு நேர் முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்பிடி நேரா நிண்டா உங்கட நிழல் முன்னால போய் விழும். மீன் ஓடிடும், குருவியும் ஓடிடும். கொஞ்சம் சரிஞ்சு நில்லுங்க" என்றார். தண்ணீருக்குள் மீன் தெரிய வெயில் முதுகில் இருக்கவேண்டும், ஆனால் நிழல் மீன் மேல் விழக்கூடாது. அவர் வலைக்காகப் பழகியது அது. நான் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றேன். பறவைகள் ஓடவில்லை என்பது ஒன்று. மற்றது, வெயில் பறவையின் ஒரு தோளில் சரிவாக விழ, மறுதோளில் மெல்லிய நிழல் வந்து, உடம்பு உருண்டையாகத் தெரிந்தது. நேர் வெயிலில் எடுத்த முதற் சில படங்களில் அவை காகிதத்தில் வெட்டி ஒட்டியவை மாதிரி இருந்தன.

அன்று காலை முழுவதும் ஒளிமானியை நான் நம்பவில்லை. முகில் இல்லாத வானத்தில் வெயில் ஒரே அளவாகத்தான் விழுகிறது. பறவைக்குப் பின்னால் தண்ணீர் பளபளத்தாலும் சரி, இருண்டாலும் சரி, பறவையின் மேல் விழும் வெளிச்சம் மாறுவதில்லை. ஆகவே ஒரு தரம் சரியாக வைத்துவிட்டால் மாற்றத் தேவையில்லை. பெரியவர் பிலிம் காலத்துக் கணக்கொன்றைச் சொல்லித் தந்திருந்தார். நல்ல வெயிலில், துவாரம் எஃப் 16 இல் இருந்தால், ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குச் சமமாக இருக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 400 என்றால் செக்கனில் 400 இல் ஒரு பங்கு. எஃப் 8 க்குத் திறந்தால் 1600 இல் ஒரு பங்கு. வெள்ளைப் பறவைக்கு அதிலும் பாதி வெளிச்சம் போதும், 3200 இல் ஒரு பங்கு. சூரியன் உதித்த புதிதில் இந்தக் கணக்குச் சரிவராது, வெளிச்சம் குறைவு. நன்றாக மேலெழுந்த பிறகு அச்சொட்டாக வருகிறது.

கமராவைக் கையால் வைக்கப் பயமாக இருப்பவர்களுக்குக் கூட்டல், கழித்தல் அடையாளம் போட்ட பொத்தான் ஒன்று பெரும்பாலான கமராக்களில் உண்டு. பறவை சிறிதாகவும் பளபளக்கும் தண்ணீர் பெரிதாகவும் இருந்தால் கூட்டல் ஒன்றோ ஒன்றரையோ. இருண்ட தண்ணீரில் வெள்ளைப் பறவை என்றால் கழித்தல் ஒன்று. எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வெந்துபோன இடங்கள் கறுப்பு வெள்ளையாக மினுங்கும்படி பெரும்பாலான கமராக்களில் வைக்கலாம். கொக்கின் முதுகு மினுங்கினால் இறகு போய்விட்டது என்று அர்த்தம். சற்று இருண்ட படத்தைப் பிறகு கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். வெந்த வெள்ளையை ஒன்றும் செய்யமுடியாது. பிலிமில் நிலைமை மறுபக்கமாக இருந்தது, இருண்டால்தான் கதை முடிந்தது. அம்மாவின் படத்துக்கு நடந்தது அதுதான்.

எட்டு மணிக்குக் கிட்டப் பூநாரைக் கூட்டம் எங்கள் பக்கமாக மேய்ந்துகொண்டு வந்தது. காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, அலகால் வடித்துச் சாப்பிடும். உடம்பு தூரத்துக்கு வெள்ளைபோல இருந்தாலும் அதில் மெல்லிய ரோசா உண்டு. அவை உண்ணும் சிற்றுயிர்களிலிருந்தும் பாசிகளிலிருந்தும் வரும் நிறம் அது. குஞ்சுப் பருவம் தாண்டாதவை சாம்பலாக இருக்கும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைத்திருந்ததால் அந்த ரோசா இந்த முறை என் படத்தில் தங்கியது. ஒன்று இறக்கையை விரித்து உதறியபோது உள்ளே இருந்த செந்நிறமும் ஓரத்துக் கறுப்பும் தெரிந்தன. மச்சாள் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அதனால் அந்தப் படம் ஆடிப்போனது. அதற்காக அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பிறகு மன்னாரில் எடுக்கும் படம் வீண் என்றே சொல்வேன். நிலமும் தண்ணீரும் சூடாகி, அதற்கு மேல் உள்ள காற்று அடுப்புக்கு மேல் ஆடுவது போல ஆடத் தொடங்கும். எவ்வளவு விலையான லென்ஸ் என்றாலும் தூரத்துப் பறவை நெளிந்துதான் விழும். நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பாணும் சம்பலும் சாப்பிட்டு நித்திரை கொண்டோம்.

பின்னேரம் மூன்றரைக்குத் தாம்போதிக்குப் போனோம். 1990 இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010 இல் திறக்கப்பட்ட பாலம் இது. தாம்போதியின் நன்மை, வெயிலுக்கு ஏற்றபடி பக்கத்தைத் தெரிவு செய்யலாம். பின்னேரத்தில் வடகிழக்குப் பக்கம் திரும்பி நின்றால் சூரியன் முதுகுப்புறம். நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் கால்களுடன் மிகக் கிட்ட நின்றன. தெரு உயரமாக இருப்பதால் அங்கே இன்னொரு தொல்லை. மேலிருந்து பார்க்கும்போது தண்ணீரில் வானம் கண்ணாடிபோல அடிக்கிறது. பொலரைசர் கண்ணாடியை லென்ஸுக்கு முன் பூட்டித் திருகினால் அந்த மினுக்கம் அடங்கி, அடியில் கிடக்கும் பாசி கூடத் தெரிகிறது. ஆனால் அது வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும், பறக்கும் பறவைக்கு உதவாது. தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து எடுத்தால் மினுக்கம் கூடுதலாக வரும், ஆனால் உள்ளானின் தலைகீழ் உருவமும் கூட வரும். அதற்காக நான் மினுக்கத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

அங்கே நின்றபோது வான் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பொடியன்கள் பறக்கும் படம் வேண்டும் என்று ஹோன் அடித்துக் கூச்சலிட்டார்கள். வாத்துக் கூட்டம் முழுவதும் எழும்பிப் போனது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, திரும்பிப் பறப்பதற்காக உடம்பைத் தேற்றும் பறவைகள் அவை. மச்சாள் ரீச்சர்க் குரலில் நாலு வார்த்தை சொன்னாள். பொடியன்கள் வெட்கப்பட்டுப் போனார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மாலை மறுபடி வங்காலைக் கரையில் நின்றோம். இந்த முறை சூரியன் கடலுக்கு மேல், எங்கள் முகத்துக்கு நேரே. வேண்டுமென்றே அந்த நேரத்துக்குப் போனேன். நீர்க்காகம் ஒன்று கம்பில் நின்று இறக்கையை விரித்துக் காய்த்துக்கொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் அதன் இறகு தெரியாது, தெரியவைக்க முயன்றால் கடல் வெளிறிவிடும். கடலுக்கே அளந்து எடுத்தேன். பறவை கருநிழல், தண்ணீர் பொன். அப்படி வேண்டும் என்று நினைத்து எடுத்தால் அது பிழையல்ல. கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வழியாகச் சூரியனை நேரே பார்க்கவேண்டாம், லென்ஸ் வெயிலைக் குவித்துக் கண்ணைச் சுட்டுவிடும்.

அப்போதுதான் அந்த அம்மா தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வந்தா. மட்டி பொறுக்கிவிட்டு வருகிறா. இடுப்பில் கூடை, தோளில் வெள்ளை உரப்பை, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கமராவைப் பார்த்து, "குருவியைத்தான் எடுப்பீங்களோ, என்னை எடுக்கமாட்டீங்களோ?" என்று சிரித்தா. எடுக்கிறேன், வெயில் பக்கம் திரும்பி நில்லுங்கோ என்றேன். திரும்பினா. கண் கூசித் தண்ணீர் வந்தது. "இல்லப் பிள்ள, கடல் பின்னால வரட்டும்" என்று சொல்லி எனக்கு நேரே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றா.

எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. மச்சாளுக்கு அந்தப் பழைய படத்தின் கதை தெரியும், ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு நானே, அந்த உரப்பையைத் தாருங்கோ என்று வாங்கி, மச்சாளிடம் கொடுத்து, அம்மாவுக்கு முன்னால் இடுப்பளவில் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். வெள்ளைப் பையில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் விழுந்தது. கிட்டப் போய் முகம் சட்டம் நிறைய வரும்படி வைத்து, முகத்துக்கு அளந்து, அந்த அளவை மாற்றாமல் பின்னால் வந்து நின்றேன். கமராவின் கணக்குக்கு மேல் இரண்டு மடிப்புக் கூடுதலாகக் காட்டியது. கடல் வெளிறப் போகிறது என்று தெரியும். வெளிறட்டும் என்று அமத்தினேன்.

கடல் அரைவாசி வெள்ளையாகிவிட்டது. சூரியன் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நரைமயிரின் ஓரம் ஒளிக்கம்பி மாதிரி மின்னியது. முகம் முழுவதும் இருந்தது. வெற்றிலை போட்ட வாய், கண்ணோரச் சுருக்கம், இடது புருவத்தில் பழைய காயத் தழும்பு எல்லாம்.

கமராவின் பின்புறத்தில் காட்டியபோது, அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. "மூக்குத்திக் கல்லும் தெரியுது" என்றா. பிறகு, "கடல் காணாமப் போச்சே பிள்ள?" என்றா.

"ஓம் அம்மா, ரெண்டும் வராது" என்றேன்.

"சரி, கடல் இங்கதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு, மகள் மட்டக்களப்பில் கலியாணம் செய்து இருக்கிறாள், அவளுக்கும் ஒன்று வேண்டும் என்றா. பஸ் ரிக்கற்றின் பின்புறத்தில் விலாசத்தை மச்சாள் எழுதிக்கொண்டாள். கொஞ்சம் மட்டியை உரப்பையிலிருந்து எடுத்து எங்களுக்குத் தந்தா, காசு வாங்கவில்லை. அன்றிரவு மட்டிக் கறி.

யாழ்ப்பாணம் திரும்பியதும் இரண்டு பிரதி அடித்தேன், எட்டங்குல நீளத்தில். ஒன்று வங்காலைக்கு, ஒன்று மட்டக்களப்புக்கு. போகும் வழியில் மடியாமல் இருக்க நடுவில் மட்டை வைத்து, பதிவுத் தபாலில் போட்டேன்.